தெம்புக்கு டப்பா மாத்திரை தேவையா? வாசகர் கேள்வி பதில்

வயது 44. சாயங்காலம் ஆனால் உடம்பில் தெம்பே இருப்பதில்லை. மெடிக்கல் ஷாப்பில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு நல்லது என்று பத்துப் பன்னிரண்டு சத்து கலந்த மாத்திரையைக் காட்டினார்கள். வாங்கலாமா?
*வாசகி, வேளச்சேரி*

அந்தப் பணத்துக்கு முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிபிசி (ரத்த அணுக்கள்), ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, டிஎஸ்எச் (தைராய்டு), எச்பிஏ1சி (சர்க்கரை), இவ்வளவு போதும்.

காரணம் இதுதான். சாப்பாட்டிலுள்ள மாவுச்சத்தையும் கொழுப்பையும் ஆக்சிஜன் உதவியால் ஏடிபி என்ற ஆற்றலாக மாற்றுவது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலை. பி1 இல்லாவிட்டால் மாவுச்சத்து தொடக்கத்திலேயே தேங்கிவிடும். சாப்பாட்டிலிருந்து பிரியும் எலக்ட்ரான்களைச் சுமக்க பி2, பி3 வேண்டும். அந்த எலக்ட்ரான்கள் ஒரு புரதத்திலிருந்து அடுத்ததற்குத் தாவ இரும்பு வேண்டும். உருவான ஏடிபி பயன்பட மக்னீசியம் கூடவே இருக்க வேண்டும். உங்களுக்குக் குறைவது இரும்பு என்றால் மற்ற பதினொன்றை விழுங்கியும் சோர்வு போகாது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருக்கும் பெண்கள் நிறையப் பேர். அதனால் ஹீமோகுளோபினோடு நிறுத்திவிடாதீர்கள்.

இரும்பு மாத்திரை எழுதித் தந்தால் காபி, டீக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ளுங்கள். இரும்பை எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நன்றாக உறிஞ்சப்படும். ஒரு வேளை எடுத்ததும் உடலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, சுமார் ஒரு நாள் வரை அடுத்த வேளை இரும்பை மட்டுப்படுத்தும். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

இன்னொன்று: முடிக்காக 5, 10 மி.கி. பயோட்டின் சாப்பிடுகிறீர்களா? தைராய்டு முடிவையே அது தப்பாகக் காட்ட வைக்கும். பரிசோதனைக்கு 2 நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிடுங்கள்.

நாங்கள் சைவம். சாப்பாட்டிலேயே இந்தச் சத்துகள் கிடைக்காதா?
*வாசகர், மயிலாப்பூர்*

பி12 தவிர மற்றவை எளிதாகவே கிடைக்கும், சமைக்கும் விதம் சரியாக இருந்தால். நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் பி1 தவிட்டோடு போய்விடுகிறது. புழுங்கல் அரிசியில், நெல்லை வேகவைக்கும்போதே அதில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். அந்த அரிசியையும் பல தண்ணீர் கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டினால் இறங்கியதும் வீணாகும். வடிப்பதுதான் வழக்கம் என்றால் கஞ்சியை ரசத்திலோ மோரிலோ சேர்த்துவிடுங்கள். பருப்பு சீக்கிரம் வேக சோடா உப்பு போடாதீர்கள், பி1 அதில் அழிந்துவிடும்.

மக்னீசியத்துக்கு ராகி, கம்பு, கீரை, வேர்க்கடலை. 100 கிராம் ராகியில் சுமார் 140 மி.கி. இருக்கிறது, ஒரு கைப்பிடி பூசணி விதையிலும் ஏறக்குறைய அதே அளவு.

பி12 சைவத்தில் பாலிலும் தயிரிலும்தான். காபிக்கு ஊற்றும் கால் டம்ளர் பால் கணக்கில் வராது. நாளுக்கு அரை லிட்டராவது வேண்டும். பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு பி12 இன்னும் குறையும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மீன் சாப்பிடும் வாசகர்களுக்கு: காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும் கவலை மீனும் மத்தி மீனும் பி12-க்கும் ஒமேகா-3-க்கும் அருமையானவை.

வயது 61. கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாடின் என்ற ஸ்டாடின் மாத்திரை சாப்பிடுகிறேன். தொடை வலிக்கு கோஎன்சைம் கியூ10 எடுக்கச் சொல்கிறார்கள்.
*வாசகர், பெரம்பூர்*

கியூ10 என்பது மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களைக் கடத்தும் பொருள். உடல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் பாதையில்தான் அதுவும் தயாராகிறது. ஸ்டாடின் அந்தப் பாதையை அடைப்பதால் ரத்தத்தில் கியூ10 குறைவது உண்மை. ஆனால் மாத்திரை கொடுத்தால் வலி தீருமா என்று பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. முயன்று பார்க்க நினைத்தால் 100 மி.கி. அளவில், எண்ணெயில் கரைத்த சாஃப்ட்ஜெல்லாக, மதியச் சாப்பாட்டோடு எடுங்கள். கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் வெறும் வயிற்றில் பெரும்பகுதி வீணாகும். இரவில் எடுத்தால் சிலருக்குத் தூக்கம் கெடும். மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது, அந்த மருந்தின் வேலையை இது குறைக்கக்கூடும்.

ஸ்டாடினை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிகே (தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), டிஎஸ்எச், வைட்டமின் டி பார்த்துவிட்டு டாக்டர் மருந்தையோ அளவையோ மாற்றலாம். கடும் வலியோடு சிறுநீர் பழுப்பாகப் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

என்எம்என் மாத்திரை வயதைக் குறைக்குமாமே?
*வாசகி, அடையாறு*

பி3 குடும்பத்தைச் சேர்ந்த என்எம்என், எலக்ட்ரான்களைச் சுமக்கும் என்ஏடி என்ற பொருளின் அளவை ரத்தத்தில் ஏற்றுகிறது. வயது குறைவதாக மனிதர்களில் நிரூபிக்கப்படவில்லை. எங்கள் யோசனை, வாங்க வேண்டாம்.

தினமும் காலையில் மெரினாவில் ஓடுகிறேன். கூடவே வைட்டமின் சி, ஈ மாத்திரைகளும் எடுக்கிறேன். சரிதானே?
*வாசகர், திருவல்லிக்கேணி*

ஓடுவது மிகச் சரி. உடற்பயிற்சி தசையில் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்குகிறது என்பதை ஜான் ஹோலோசி என்ற ஆய்வாளர் 1967-லேயே எலிகளில் காட்டினார். எந்த மாத்திரைக்கும் இந்த அளவு சான்று கிடையாது. ஆனால் அந்தப் பெருக்கத்தைத் தூண்டுவதில் பயிற்சியின்போது உண்டாகும் ஆக்சிஜன் துணுக்குகளுக்கும் பங்கு உண்டு. வைட்டமின் சி, ஈ இரண்டும் அவற்றை அடக்குபவை. தினமும் 1,000 மி.கி. வைட்டமின் சி-யும் 400 ஐயூ வைட்டமின் ஈ-யும் எடுத்தவர்களிடம் பயிற்சியின் பலன் மழுங்கியதை 2009-ல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்று காட்டியது. மாத்திரையை விட்டுவிட்டு நெல்லிக்காய், கொய்யா சாப்பிடுங்கள். அந்த அளவால் தொல்லை இல்லை.

ஓட முடியாதவர்கள் 3 நிமிடம் மூச்சு வாங்கும் வேகத்திலும் 3 நிமிடம் மெதுவாகவும் மாறி மாறி ஐந்து சுற்று நடக்கலாம். வாரத்துக்கு நான்கு நாள். சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.