இங்கே ஹாக்கி பெண்கள் ஆட்டமாம்!

வணக்கம் மேடம்,

எனக்கு 17 வயது. எட்டாம் வகுப்பு வரை கோவில்பட்டியில் படித்தேன். அப்பாவின் வேலை காரணமாக இப்போது அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கிறோம்.

எங்கள் ஊர் என்றால் கடலை மிட்டாய், தீப்பெட்டி, அப்புறம் ஹாக்கி. தாத்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலைக்குப் போனவர். போலீஸ், வங்கி என்று அப்படிப் போனவர்கள் எங்கள் தெருவிலேயே இன்னும் சிலர் உண்டு. விடியற்காலையில் ஸ்டிக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனால், டீக்கடையில் இருக்கும் பெரியவர்கள் "இன்னைக்கு யாருகூடடா மேட்ச்?" என்று நிறுத்திக் கேட்பார்கள். மண் தரையில் பந்து எப்போது எகிறும் என்று சொல்லவே முடியாது. ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்து அதைப் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியிருந்தேன்.

இங்கே வந்ததும் என்ன விளையாடுவாய் என்று கேட்டார்கள். ஹாக்கி என்றேன். ஐஸ் ஹாக்கி என்று நினைத்து அசந்துபோனார்கள். இல்லை, தரையில் ஆடுவது என்றதும் ஒரே சிரிப்பு. அது பொண்ணுங்க ஆட்டமாம். எங்கள் நாடு ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம் வாங்கியிருக்கிறது என்றேன். ஒருத்தன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "கடைசித் தங்கம் 1980லயா?" என்றான். பொண்ணுங்க ஆட்டம் என்று அவர்கள் சொன்னது உண்மைதான். பள்ளியில் பையன்களுக்கு ஹாக்கி டீமே இல்லை. பெண்கள்தான் குட்டைப் பாவாடையும் பல் கவசமும் போட்டுக்கொண்டு, கம்பளம் மாதிரியான செயற்கைப் புல்லில் ஆடுகிறார்கள்.

இந்த வருடம் என் தங்கச்சி அந்த டீமில் சேர்ந்துவிட்டாள். ஊரில் இருந்தவரை ஸ்டிக்கைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள். இப்போதும் ஸ்டிக்கின் உருண்டையான பின்பக்கத்தில் பந்தைத் தட்டி ஃபவுல் வாங்குகிறாள். ஆனால் காலேஜில் ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்று அப்பா இப்போதே கணக்குப் போடுகிறார். தாத்தா வீடியோ காலில் அவளிடம்தான் அதிக நேரம் பேசுகிறார். அவள் மேட்சுக்குப் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா இதைப் பொறாமை என்கிறார், "நீ டென்னிஸ் ஆடேன்" என்கிறார். ஒரு விளையாட்டுக்காக இவ்வளவு வருத்தப்படுவது சரிதானா மேடம்? நான் கெட்ட அண்ணனா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பி,

பொறாமை கொஞ்சம் இருக்கிறது. இல்லை என்று சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஆனால் அதற்கு அடியில் இருப்பது துக்கம். அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: அங்கீகரிக்கப்படாத துக்கம். ஒருவர் இறந்துபோனால் நாலு பேர் வந்து துக்கம் கேட்பார்கள். உன் இழப்புக்கு யார் வருவார்கள்? நீயே அதைத் துக்கம் என்று ஒத்துக்கொள்ளக் கூச்சப்படுகிறாய், "சரிதானா" என்று என்னிடம் கேட்கிறாய். சரிதான். பதின்மூன்று வயதில் 'நான் யார்' என்ற கேள்விக்கு உன் கையில் ஒரு பதில் இருந்தது. விமானம் இறங்கிய இடத்தில் அது செல்லுபடியாகவில்லை.

ஏன் செல்லுபடியாகவில்லை என்பதையும் கொஞ்சம் பார்ப்போம், சுவாரசியமான கதை அது. இந்தியாவுக்கு ஹாக்கியைக் கொண்டுவந்தது பிரிட்டிஷ் ராணுவம். பட்டாளத்து ஆட்டமாக வந்ததால் ஆண்கள் ஆட்டமாக வேர் பிடித்தது. அமெரிக்காவுக்கோ 1901இல் கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ என்ற ஆங்கிலேய உடற்பயிற்சி ஆசிரியை அதை எடுத்துக்கொண்டு போனார். பெண்கள் கல்லூரிகளில் கற்றுக்கொடுத்தார். அதில் ஒன்றான பிரின் மார் உன் மாநிலத்தில்தான், பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே அவர் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். ஒரே நாட்டிலிருந்து கிளம்பிய ஆட்டம் ஒரு பக்கம் சிப்பாயோடும் இன்னொரு பக்கம் டீச்சரோடும் போயிருக்கிறது, அவ்வளவுதான்! அமெரிக்க ஆண்கள் ஒலிம்பிக்கில் ஆடாமலும் இல்லை. 1932இல் லாஸ் ஏஞ்சலஸில் இந்தியாவிடம் 24-1 என்று தோற்றார்கள். ஜப்பானிடமும் தோற்று, மொத்தமே மூன்று அணிகள் என்பதால் வெண்கலம் வாங்கினார்கள். (போனில் தேடிய அந்தப் பையனிடம் இதையும் தேடச் சொல்லலாம். எனக்கும் கொஞ்சம் ஊர்ப்பற்று உண்டு.)

கோவில்பட்டியில் ஹாக்கிக்கு இருக்கும் மதிப்பும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. உன் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது: ரயில்வே, போலீஸ், வங்கி. ஸ்டிக் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியதை ஊர் கண்ணால் பார்த்தது. நீ அமெரிக்கா வரை போகாமல் தமிழ்நாட்டிலேயே கிரிக்கெட் பைத்தியம் பிடித்த வேறொரு ஊருக்குப் போயிருந்தாலும் அந்த டீக்கடைப் பெரியவர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் கல்விக்கூடங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1972இல் வந்த 'டைட்டில் நைன்' சட்டத்துக்குப் பிறகு பெண்கள் விளையாட்டுக்குக் கல்லூரிகளில் இடமும் பணமும் பெருகின. அங்கே கல்லூரி விளையாட்டுகளைக் கவனிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. 1981 முதல் நடத்தும் ஹாக்கி சாம்பியன்ஷிப் பெண்களுக்கு மட்டுமே. தாத்தாவுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா என்னவோ, தங்கைக்கு இந்த ஸ்காலர்ஷிப் அதுதான். உன் குடும்பத்து வழக்கத்தைத்தான் அவள் தொடர்கிறாள், நீ நினைத்த வரிசையில் இல்லை என்றாலும்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. உன் வகுப்புப் பையன்கள் "அது கிழவர்கள் ஆட்டம்" என்று சிரித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்குமா? பெண்கள் ஆடுவதால் ஒரு ஆட்டம் மட்டமாகிவிடும் என்ற நினைப்பு அந்தச் சிரிப்பில் இருக்கிறது. அது உனக்குள்ளும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டதா என்று பார். தங்கை ஆடுவதைப் பார்க்கப் பிடிக்காமல் போனதில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

சரி, என்ன செய்யலாம்? தங்கையின் ஒரு மேட்சுக்குப் போ. கோச்சாகப் போகாதே. அவள் ஃபவுல் வாங்கினால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பார். திரும்பி வரும்போது அவளே ஏதாவது கேட்டால் மட்டும் சொல்லு. பந்து எங்கே எகிறும் என்று கணிக்கிற உன் கண் அவளுக்கு உதவும். ஆனால் அதை அவள்தான் கேட்க வேண்டும்.

தாத்தாவிடம் தனியாகப் பேசு. இங்கே பையன்களுக்கு டீம் இல்லை என்பதும், அதில் உனக்கு இருக்கும் வருத்தமும் அவருக்கு முழுதாகத் தெரியுமா? அவரும் ஆட்டத்தை விட்டு வயதானவர்தான். உன் வீட்டில் இந்த வலி புரியக்கூடிய ஒரே ஆள் அவர் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆட விருப்பம் இன்னும் இருந்தால், பெரிய நகரங்களை ஒட்டி ஆண்களும் ஆடும் ஹாக்கி கிளப்புகள் உண்டு. இந்தியா, பாகிஸ்தான், ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் வார இறுதியில் அங்கே கூடுகிறார்கள். வயது வரம்பை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள். அங்கே போய் ஆடிப் பார்த்த பிறகும் மனசு நிறையவில்லை என்றால், நீ தேடுவது டீக்கடைப் பெரியவர்களின் அந்தக் கேள்வியைத்தான். அப்போது அதைப் பற்றி எனக்கு மறுபடி எழுது.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை: டென்னிஸ் நல்ல ஆட்டம்தான், ஆனால் அதைப் பற்றி ஆறு மாதம் கழித்துப் பேசுங்கள். அதற்குள் பையனுக்குத் தூக்கம் கெட்டாலோ, சாப்பாட்டில் நாட்டம் குறைந்தாலோ, நண்பர்களிடமிருந்து ஒதுங்கினாலோ பள்ளி ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.