கண்ணாடி, பிரம்பு, பேசும் கணினி: பாவனையாளர் கேள்வி-பதில்

இந்தக் கிழமை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கண்ணைப் பற்றியவை. ஆகவே அவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. எதிரே நிற்பவரின் முகம் தெரிவதில்லை. ஆனால் முற்றத்தில் கோழி ஓடினால் ஓரக்கண்ணால் கண்டுவிடுகிறார். மூன்று தடவை மூக்குக்கண்ணாடி மாற்றிவிட்டோம். இன்னும் கூடிய பவர் போட்டால் சரிவரும் என்கிறார் கடைக்காரர். (மானிப்பாய்)

பதில்: நான்காவது கண்ணாடிக்குக் காசு கொடுக்காதீர்கள். கண்ணுக்குள் வரும் ஒளியை முறித்துக் குவிப்பது கண்ணின் முன்பகுதி. அந்த வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை முன்னால் இருக்கும் ஒளிபுகும் படலமும், மிச்சத்தை உள்ளே இருக்கும் வில்லையும் செய்கின்றன. மூக்குக்கண்ணாடி திருத்துவது அந்தக் குவிப்பில் உள்ள பிழையை மட்டுமே. குவிந்த ஒளி விழுவது பின்னால் உள்ள விழித்திரையில். அதன் நடுவில் சில மில்லிமீற்றர் அகலமே உள்ள ஓரிடத்தால்தான் முகத்தை அறிகிறோம், எழுத்தை வாசிக்கிறோம். ஓரம் தெரிகிறது, நடு தெரியவில்லை என்றால் பழுது அந்த இடத்தில் இருக்கக்கூடும். திரை கிழிந்திருக்கும்போது படம் காட்டும் கருவியைத் துடைத்து என்ன பயன்?

அம்மாவை யாழ். போதனா வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவுக்கு இந்தக் கிழமையே கூட்டிச் செல்லுங்கள். நடுப்பகுதிப் பழுதில் ஒரு வகைக்கு நேரத்தோடு போனால் ஊசி மருந்து இருக்கிறது. மூன்று கண்ணாடிக்குப் போன காசைவிட, அவற்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்கள்தான் பெரிய இழப்பு. வயதான ஒருவர் முகம் தெரியவில்லை என்று சொல்லும்போது, வைத்தியரிடம் போங்கள் என்று சொல்லாமல் பவரைக் கூட்டிக்கொண்டே போகும் கடைக்காரர்மீது எனக்கு மன்னிப்பே இல்லை.

கேள்வி: கண்புரையைக் கரைக்கும் சொட்டுமருந்து முகநூலில் விற்கிறார்கள். மூன்று போத்தல் எடுத்தால் ஒன்று இலவசம். வாங்கலாமா? (கோண்டாவில்)

பதில்: வேண்டாம். அப்படி ஒரு மருந்து இல்லை. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பதுதான் வழி. அது 1949 இல் தொடங்கிய சிகிச்சை.

கேள்வி: வாசிப்பதற்குப் பூதக்கண்ணாடி வாங்க வேண்டும். கடையில் 3 மடங்கு, 5 மடங்கு, 10 மடங்கு என்று இருக்கிறது. கூடியதை வாங்குவதுதானே நல்லது? (நெல்லியடி)

பதில்: இல்லை. பெருக்கம் கூடக்கூட வில்லைக்கும் தாளுக்கும் இடையிலான தூரம் சுருங்கும், கண்ணில் படும் எழுத்துகளும் குறையும். வில்லையின் பவரை நான்கால் வகுத்தால் பெரும்பாலும் அதன் மடங்கு கிடைக்கும். 3 மடங்கு என்றால் 12 டயொப்டர் (வில்லையின் பவரை அளக்கும் அலகு). தாளிலிருந்து 8 சென்ரிமீற்றர் அளவில் பிடிக்கலாம். 10 மடங்கு என்றால் 40 டயொப்டர். இரண்டரை சென்ரிமீற்றரில் பிடிக்க வேண்டும், கண்ணையும் அதன் அருகே கொண்டுபோக வேண்டும்.

என் தாயாருக்கு, விளக்குப் பூட்டிய 10 மடங்குக் கைவில்லை ஒன்றை நகரத்துக் கடையொன்றில் வாங்கினேன். பத்திரிகை முழுவதையும் வாசிக்கலாம் என்று சொல்லி விற்றார்கள். கை நடுங்கும் ஒருவரால் அதை அந்தத் தூரத்தில் அசையாமல் பிடிக்கவே முடியாது. ஒரு நேரத்தில் ஒரு சொல்கூட முழுதாகத் தெரியவில்லை. யார் வாசிக்கப் போகிறார், கை நடுங்குமா என்று அந்தக் கடையில் ஒருவரும் கேட்கவில்லை. பிறகு தாளின்மேல் தானாக நிற்கும் கால் வைத்த வில்லை ஒன்றைத் தேடிப்பிடித்தோம். மடங்கு குறைவு, ஆனால் மரண அறிவித்தல்களை அவரே வாசித்தார். நீங்கள் வழமையாக வாசிக்கும் தாளைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே ஒரு பந்தியை வாசித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மேசைவிளக்கு ஒன்றும் வாங்குங்கள். நல்ல வெளிச்சம் இல்லாமல் எந்த வில்லையும் உதவாது.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் இலவசக் கண் பரிசோதனை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பரிசோதனை இலவசம், கண்ணாடி 12,500 ரூபாய். ஓய்வூதியக் காசில் கொடுத்தேன். போட்டால் தலை சுற்றுகிறது. பற்றுச்சீட்டில் உள்ள தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. ‘விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது’ என்று அதில் அச்சடித்திருக்கிறது. நான்தான் ஏமாந்துவிட்டேனா? (காரைநகர்)

பதில்: அம்மா, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. ஊர் நிலையத்தில் வைத்துச் செய்ததால் நம்பினீர்கள். அந்த நம்பிக்கையைத்தான் விற்றுக் காசாக்கினார்கள்.

முதலில் வைத்தியசாலையில் கண்ணைச் சோதித்து அளவை எழுதி வாங்குங்கள். பிறகு வேறொரு கண்ணாடிக்கடையில் இந்தக் கண்ணாடியின் பவரை அளந்து தரச் சொல்லுங்கள். சில நிமிட வேலை. வில்லைகளின் மையம் உங்கள் இரு கண்மணிகளுக்கும் நேராக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது விலகினாலும் தலை சுற்றும். இரண்டு அளவுகளும் ஒத்துவராவிட்டால் உங்கள் கையில் சாட்சியம் இருக்கிறது.

பற்றுச்சீட்டில் அச்சடித்த அந்த வரி சட்டம் அல்ல. அப்படி அச்சடிப்பதையே பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை தடைசெய்திருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நீங்கள் எழுத்தில் முறையிடலாம். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். பற்றுச்சீட்டின் பிரதியை மட்டும் கொடுங்கள், மூலத்தை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சனசமூக நிலைய நிர்வாகத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். மண்டபத்தைத் திறந்து கொடுத்தவர்களுக்கு, வந்தவர் யார் என்று சொல்லும் பொறுப்பு இருக்கிறது. அவர்கள் வாய் திறக்காவிட்டால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.

கேள்வி: நீல ஒளி தடுக்கும் வில்லைக்கு மேலதிகமாக 6,000 ரூபாய் கொடுத்தேன். நாள் முழுவதும் கணினியில் வேலை. கண் எரிவு நிற்கவில்லை. இன்னும் விலை கூடியது எடுக்கவா? (நல்லூர்)

பதில்: ஒன்று உதவவில்லை என்று எழுதிவிட்டு அதே பொருளில் விலை கூடியதைக் கேட்கிறீர்கள். 17 பரிசோதனைகளைச் சேர்த்து, கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு செய்த ஆய்வு 2023 இல் வெளிவந்தது. கணினி வேலையால் வரும் கண் சோர்வை இந்த வில்லைகள் குறைப்பதாக அதில் தெரியவில்லை. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்து கண் காய்கிறது. இடையிடையே எழுந்து தூரத்தைப் பாருங்கள், சிமிட்டுங்கள். இதற்குக் காசு தேவையில்லை.

கேள்வி: நான் விழிப்புலனற்ற மாணவன். கல்வி நிலையம் ஒன்றில் பாடக்குறிப்புகளை மென்பிரதியாகக் காசு கொடுத்து வாங்கினேன். என் கணினியில் உள்ள, திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் அவற்றை அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாக வாசிக்கிறது. மென்பொருள் பழுது, வேறொன்று போட 15,000 ரூபாய் என்கிறார் கணினிக் கடைக்காரர். (திருநெல்வேலி)

பதில்: தம்பி, கொடுக்காதே. உன் மென்பொருளில் பழுது இல்லை. என்விடிஏ இலவசம், 2006 இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கியது. அதனோடு வரும் குரலிலேயே தமிழும் உண்டு. பழுது உனக்கு விற்கப்பட்ட குறிப்பில் இருக்கிறது. அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும்.

இதைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். பாமினியில் ‘அம்மா’ என்று தட்டினால் பார்ப்பவர் கண்ணுக்கு அம்மா என்றுதான் தெரியும். ஆனால் கோப்பினுள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தமிழ் வடிவம் ஒரு மேற்பூச்சு மட்டுமே. கண்ணால் வாசிப்பவருக்கு அந்தப் பூச்சுப் போதும். காதால் வாசிப்பவருக்கு உள்ளே இருப்பதுதான் கிடைக்கும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யுனிகோட் முறையில் தமிழ் எழுத்துகளுக்கே உரிய குறியீடுகள் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இருந்தும் நம் ஊர் அச்சகங்களும், தட்டச்சு நிலையங்களும், அலுவலகங்களும், பாடசாலைகளும் பழகிய விரலை மாற்ற மனமில்லாமல் பாமினியிலேயே எழுதுகின்றன. வினாத்தாள், சுற்றறிக்கை, விண்ணப்பப் படிவம், திருமண அழைப்பிதழ் எல்லாம் அப்படித்தான். சுன்னாகம் வாழ்வகத்திலும் கைதடி நாவில்ட் பாடசாலையிலும் படித்து வெளியே வரும் விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கு நாம் கணினியைக் கொடுக்கிறோம், மேடை போட்டுப் படம் எடுக்கிறோம். பிறகு அந்தக் கணினி வாசிக்க முடியாத தமிழையே அவர்களுக்கு அனுப்புகிறோம். தட்டச்சுக்குக் காசு கொடுக்கும் ஒவ்வொருவரும் ‘யுனிகோட்டில் தாருங்கள்’ என்று கேட்டுப் பெற வேண்டும். கேட்டால் செய்வார்கள், கேட்பவர் இல்லாததால் செய்யாமல் இருக்கிறார்கள்.

உனக்கு இப்போது வேண்டியது: பாமினியை யுனிகோட்டாக மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, வேர்ட் கோப்பாக இருந்தால் அதிலுள்ள எழுத்தைக் கருவியில் ஒட்டி மாற்றலாம். படமாகத் தந்திருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி ஆவணமாகத் திற, தமிழ் எழுத்தை ஓரளவு நன்றாகப் பிரித்தெடுக்கும். ஆனால் முதலில் கல்வி நிலையத்துக்குப் போய் யுனிகோட் பிரதியைக் கேள். நீ காசு கொடுத்திருக்கிறாய்.

கேள்வி: கனடாவில் இருக்கும் தம்பி, பார்வை இழந்த எங்கள் மாமாவுக்குக் கமரா பூட்டிய கண்ணாடி ஒன்றைப் பல இலட்சம் கொடுத்து அனுப்பினார். எழுத்தைப் பார்த்து வாசித்துச் சொல்லுமாம். மாமா அதைத் தொடுவதே இல்லை. விற்கலாமா? (சாவகச்சேரி)

பதில்: வாங்குவதற்கு முன் மாமாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அவர் சொன்ன ஒரு சொல்கூட இல்லை. அந்தக் கருவி தமிழ் வாசிக்குமா, உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்பதையும் நீங்கள் பார்த்ததாகத் தெரியவில்லை. விற்பதா வைத்திருப்பதா என்பது மாமாவின் முடிவு, பொருள் அவருடையது. அவர் கையில் அன்ரொயிட் கைத்தொலைபேசி இருந்தால் திரையை வாசிக்கும் டோக்பாக் அதற்குள்ளேயே இருக்கிறது. 2015 இல் டென்மார்க்கில் தொடங்கிய பி மை ஐஸ் செயலியும் இலவசம். கமராவைக் காட்டினால் தொண்டர் ஒருவர் பார்த்துச் சொல்வார். இவற்றை முதலில் பழகிப் பார்க்கட்டும்.

கேள்வி: கண் சிவந்தால் ஒவ்வொரு முறையும் மருந்துக்கடையில் பழைய மருந்துத் துண்டைக் காட்டி அதே சொட்டுமருந்தை வாங்குகிறேன். உடனே சுகமாகிறது. (உரும்பிராய்)

பதில்: அது ஸ்டீரொயிட் மருந்தானால் கண்ணுள் அழுத்தத்தைக் கூட்டும், பார்வை நரம்பைக் கெடுக்கும், கெட்ட நரம்பு திரும்பாது. இன்றே நிறுத்திவிட்டு, போத்தலோடு வைத்தியரிடம் போங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வெண்பிரம்பு வாங்கி வர வேண்டும். எந்த அளவு? (பருத்தித்துறை)

பதில்: அப்பாவையும் கூட்டிச் செல்லுங்கள். அவர் நிமிர்ந்து நிற்க, பிரம்பை நேராக நிறுத்தினால் நெஞ்செலும்பு மட்டத்துக்கு வர வேண்டும். வேகமாக நடப்பவருக்குச் சற்று நீளமாக இருக்கலாம். மடக்குப் பிரம்பானால் விரித்து நிலத்தில் தட்டிப் பாருங்கள், மூட்டுகள் ஆடக்கூடாது. நுனியைத் தனியாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள், நம் வீதிகளில் முதலில் தேய்வது அதுதான். இது வழியறியும் பிரம்பு, உடற்பாரத்தைத் தாங்காது. அப்பாவுக்கு முழங்கால் தளர்ச்சியும் இருந்தால் ஊன்றுகோல் ஒன்றை வேறாக வாங்குங்கள்.