ஒட்டிய கலங்கள் பெருகாவிட்டால்: முளையச் சாறு என்ன செய்யும்?

கொழும்பில் முதுமாணி ஆய்வு செய்யும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "கோழி முளையத்தின் தசைக்கலங்களை 10 சதவீத மாட்டுச் சீரம் (குருதியின் தெளிந்த பகுதி) கலந்த வளர்ப்பு ஊடகத்தில் வளர்க்கிறேன். கலங்கள் தட்டில் ஒட்டுகின்றன, ஆனால் போதிய அளவு பெருகவில்லை. முளையச் சாற்றை நானே தயாரித்துச் சேர்க்கலாமா?"

சேர்க்கலாம். முளையச் சாறு என்பது கோழி முளையங்களை நசுக்கி எடுக்கும் திரவம். ஆனால் சாற்றைக் கூடுதல் உணவாக எண்ண வேண்டாம். குளுக்கோசும் அமினோ அமிலங்களும் உங்கள் ஊடகத்திலேயே இருக்கின்றன. குறைவது கலங்களைப் பிரிந்து பெருகத் தூண்டும் சைகைதான். ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களுள் முக்கியமான சில, வழக்கமான சுரப்புப் பாதையில் வெளியேறாமல் கலத்துக்குள் தங்கியிருந்து, இழையம் நசுங்கும்போது வெளிப்படுகின்றன. காயம்பட்ட இடத்தில் நடப்பதும் இதை ஒத்ததே. 1910களில் முளையச் சாற்றின் ஆற்றலை எடுத்துக்காட்டிய அலெக்சிஸ் கரல், காயம் ஆறும் விதத்தையும் ஆராய்ந்த அறுவை மருத்துவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

உங்கள் கலங்களுக்கு இன்னொரு குறையும் இருக்கக்கூடும். இரும்பைக் கலத்துக்குள் கொண்டுசெல்லும் டிரான்ஸ்ஃபெரின் புரதம் மாட்டினுடையதாக இருந்தால், கோழித் தசைக்கலங்கள் அதை நன்றாக ஏற்பதில்லை. கோழி முளையச் சாறு அவற்றுக்கு உரிய டிரான்ஸ்ஃபெரினைத் தருகிறது.

10 அல்லது 11 நாள் முளையங்களைக் கழுவி, கண்களை அகற்றி, ஊசி பொருத்தாத சிரிஞ்சின் வழியே அழுத்தி நசுக்கி, சம அளவு குளிர்ந்த உப்புக் கரைசலுடன் கலந்து, மையநீக்கியில் சுழற்றி, மேலே நிற்கும் தெளிந்த திரவத்தை எடுங்கள். தொடக்கம் முதல் இறுதிவரை ஐஸிலேயே வைத்திருங்கள். நசுங்கிய கலங்களிலிருந்து புரதத்தைச் சிதைக்கும் நொதியங்களும் வெளிவருவதால், கொழும்பின் வெக்கையில் மேசைமேல் மறந்துவிட்ட சாற்றை நான் பயன்படுத்தமாட்டேன். சீரத்தைச் சூடாக்குவதுபோல இதை 56 பாகை செல்சியசில் சூடாக்கவும் வேண்டாம். தெளிந்த திரவத்தைச் சிறு பங்குகளாக மறை 80 பாகையில் உறையவைத்து, உருக்கியபின் மீண்டும் சுழற்றி, கிருமி நீக்கும் வடியில் வடித்துப் பயன்படுத்துங்கள்.

முதலில் 0, 2, 5, 10 சதவீதம் என நான்கு தட்டுகளில் சோதித்து, மூன்றாம் நாள் கலங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு தயாரிப்பு மற்றொன்றைப் போல இராது. ஆகவே ஆய்வு முழுவதற்கும் போதுமான சாற்றை ஒரே தொகுதியாகத் தயாரித்துக்கொள்வது நல்லது. கலங்கள் தட்டை நிறைக்கும் நிலையில் சாற்றைக் குறைத்துவிடுங்கள்; பெருகும் சைகை ஓயும்வரை அவை ஒன்றோடொன்று இணைந்து தசைக் குழாய்களாக மாறுவது தாமதமாகும்.