பழங்குடி மக்களின் பாறை ஓவியத் தலத்தைச் சுற்றுலாவுக்குத் திறக்கும்முன் என்ன செய்ய வேண்டும்?

டிக்கெட் கவுன்டரெல்லாம் அப்புறம். எதைக் காட்டலாம், எந்தக் கதையை வெளியாரிடம் சொல்லலாம், எங்கே கேமரா கூடாது என்பதை அந்த மக்களே முடிவுசெய்து வரைபடத்தில் குறித்துத் தரவேண்டும். பெரியவர் ஒருவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கினால், பெண்களுக்கே உரிய சடங்கிடத்தின் குறுக்கே பாதை போய்விடும். பிறகு பெயர்த்தெடுக்கத்தான் வேண்டும்.

ஏற்கெனவே பழகிப்போனதை நிறுத்துவது பெரும்பாடு. ஆஸ்திரேலியாவின் உலுரு என்னும் பெரும்பாறை 1985-லேயே அதன் பூர்வகுடிகளான அனங்கு மக்கள் கைக்குத் திரும்பியும், பாறைமீது ஏறுவது நின்றது 2019-ல்தான். அங்கே பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 25 சதவீதம் அவர்களுக்குப் போகிறது. பங்கை இப்படி முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

ஓவியத்துக்குக் கைவிரல் மட்டும் எதிரியல்ல, காலடிப் புழுதியும்தான். மிதிபட்ட மண் எழும்பிப் பாறையில் படியும், ஈரம் பட்டால் இறுகும், துடைத்தால் நிறமும் கூடவே வரும். ஆகவே தரையிலிருந்து உயர்த்திய பலகை நடைபாதை, ஓவியத்தைக் கை எட்டித் தொடமுடியாத தொலைவில் அதற்குக் கைப்பிடி.