ஆறு குதிரை வண்டி

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஓராண்டாகிறது. அதிர்ந்து பேசாதவர், இப்போது அம்மாவைக் காதுகொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகளில் திட்டுகிறார். மூளை பழுதானால் ஆளே மாறிவிடுவார் என்கிறான் மருத்துவம் படிக்கும் தம்பி. வீணை உடைந்தால் வித்வான் செத்துவிடுவாரா என்று கேட்டேன். மனம் மூளையில்தான் பிறக்கிறதா? குவாண்டம் இயற்பியல் ஆன்மாவை நிரூபித்துவிட்டது என்கிறார்களே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குவாண்டத்தை விடுங்கள். அதில் ஆன்மாவைக் கண்டவர்களில் பெரும்பாலோர் குவாண்டத்தைக் கண்டதில்லை.

தந்தி அறுந்தால் அபஸ்வரம் வரும், சரி. வித்வானே எழுந்து சபையைத் திட்டுவாரா? அப்பாவுக்கு நாக்கு மட்டும் குழறியிருந்தால் உங்கள் உவமை நிற்கும். மாறியிருப்பது குணம். நியாயம் தம்பி பக்கம்தான்.

ஆனால் தம்பியோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஃபினியஸ் கேஜ் கதையை அவர் படித்திருப்பார். உங்கள் கடிதம் வந்தபோது நானும் அந்த மனிதரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். 1848 செப்டம்பர், அமெரிக்காவின் வெர்மான்ட். ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும் ஆட்களின் மேஸ்திரி, வயது 25. வெடிமருந்தைக் கெட்டிக்கும்போது மருந்து வெடித்து, 6 கிலோ எடையுள்ள இரும்புக்கம்பி இடது கன்னத்தில் புகுந்து தலையின் உச்சியைப் பிளந்துகொண்டு போனது. சில நிமிடங்களில் பேசினார். மாட்டுவண்டியில் உட்கார்ந்தபடியே விடுதிக்குப் போனார். நிதானமான மனிதர் பிறகு வாயைத் திறந்தால் வசை, எதிலும் நிலைகொள்ளாத புத்தி. ‘இது பழைய கேஜ் இல்லை’ என்று நண்பர்கள் சொன்னதை மருத்துவர் ஜான் ஹார்லோ எழுதிவைத்தார்.

கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். இதை அயோக்கியத்தனம் என்பேன். கேஜ் 1852இல் சிலிக்குப் போனார். பல ஆண்டுகள் அங்கே பயணிகள் கோச் வண்டி ஓட்டினார். பல நாள் அதில் பூட்டியது ஆறு குதிரைகள். ஒவ்வொரு குதிரையின் வாரையும் விரலிடுக்கில் தனித்தனியாகப் பிடித்து, எதை இழுப்பது எதைத் தளர்த்துவது என்று வளைவுக்கு வளைவு முடிவெடுக்க வேண்டும். விடிவதற்குள் குதிரைகளைக் கவனிக்க வேண்டும். பயணிகளிடம் முறையாக நடந்துகொள்ள வேண்டும், அதுவும் அந்நிய மொழியில். புத்தி சிதறிய முரடனை நம்பி எந்த முதலாளி இதையெல்லாம் ஒப்படைப்பான்? கேஜ் பெருமளவு தேறியிருக்க வேண்டும் என்று ஆவணங்களைத் தோண்டிய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நாள் தவறாத அந்த ஒழுங்கே அவரைத் தேற்றியிருக்கலாம் என்கிறார்கள். மனம் சதைதான் என்றால் எல்லாம் முடிந்தது என்று தம்பி நினைக்கிறார். சதை பழகும், எஸ். பழகப் பழகத் தேறும். ஆன்மாவை நம்பும் நீங்களும் அப்பாவை அப்படியே விட்டுவிட்டீர்களே!

பகலெல்லாம் அவர் என்ன செய்கிறார்? கடிதத்தில் ஒரு வரி இல்லை. நரம்பியல் மருத்துவரிடம் இந்தக் கோபத்தைப் பற்றிச் சொன்னீர்களா? பக்கவாதத்துக்குப் பின் வரும் கோபத்துக்கும் சிகிச்சை உண்டு. அவர் கையில் தினசரி ஒரு வேலையைக் கொடுங்கள், பால் வாங்கி வருவதாக இருந்தாலும் சரி. அம்மாவைத் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். ஓராண்டாகத் திட்டு வாங்குகிறவர் அவர்தான். உங்களுக்குக் கேட்கத் தோன்றியதோ குவாண்டம்.