எத்தனை தேர்வு எழுதுவது?

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருக்கிறேன். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், உயிரியலோடு சேர்ந்த கணக்கு குரூப், தமிழ் வழி. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். டாக்டராக வேண்டும் என்கிறாள். தெரிந்தவர்கள் நீட், ஜேஇஇ, விஐடி தேர்வு, கியூட் நான்குக்கும் பணம் கட்டிவிடச் சொல்கிறார்கள். ஒன்று போனாலும் இன்னொன்று கிடைக்குமாம். என்ன செய்யட்டும்?

— ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

நீட் ஒன்று போதும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியானாலும் வேலூர் சிஎம்சியானாலும் எம்பிபிஎஸ் சேர அதைத்தான் கேட்பார்கள். ஜேஇஇ என்பது ஐஐடி, என்ஐடி போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கு. விஐடி தேர்வு அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் பொறியியல் படிப்புக்கு, கியூட் மத்தியப் பல்கலைக்கழகங்களின் பட்டப்படிப்புகளுக்கு. ஜேஇஇயில் உயிரியலே கிடையாது. இவற்றுக்கென்று செலவாகும் மாதங்கள் மகளின் ஆசையிலிருந்துதான் கழியும்.

டாக்டர் சீட் கிடைக்காவிட்டால் என்ற பயம் புரிகிறது. அப்போது பொறியியல் இருக்கிறது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மார்க்கில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். பாகாயம் தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரிக்கும் அப்படித்தான். ஆக, நீங்கள் தேடும் மாற்று வழி மகள் எப்படியும் எழுதப்போகிற பொதுத்தேர்வுதான்.

ஆறிலிருந்து அரசுப் பள்ளி என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் பெரிய விஷயம். 2020 முதல் மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் அப்படிப் படித்தவர்களுக்கு. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பள்ளிச் சான்றுகளை இப்போதே வாங்கி வையுங்கள்.

நீட்டில் 180 கேள்வி, 720 மார்க். பாதி உயிரியல். கணிசமான கேள்விகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து வரும், அந்தப் புத்தகங்களைப் பரணில் போட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்திலேயே தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வினாத்தாளில் ஆங்கிலமும் கூடவே இருக்கும், சந்தேகம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் செல்லும். அதனால் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் பழகட்டும்.

என் அண்ணன் மகள் வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போது பக்கத்தில் இருந்தேன். 47-ஆவது கேள்வியைத் தாண்டியவள் விடை வட்டங்களை நிரப்பும் ஓஎம்ஆர் தாளில் அந்த வட்டத்தைத் தாண்ட மறந்துவிட்டாள். அறுபதில்தான் கவனித்தாள். பால்பாயிண்ட் பேனாவில் நிரப்பியதை அழிக்க முடியாது. படித்திருந்தும் பதிமூன்று கேள்வி போச்சு. தப்புக்கு ஒரு மார்க் வேறு குறையும். முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, அது வீட்டில் நடந்தது. அப்புறம் ஒவ்வொரு பத்துக்கும் எண்ணை விரல் வைத்துப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

நீட் பெரும்பாலும் மே மாதம், பகல் 2 முதல் 5 வரை. நம்மூர் வெயில் உங்களுக்குத் தெரியும். சோறு சாப்பிட்டுக் கண் சொருகும் நேரம். இந்த ஞாயிற்றுக்கிழமையே பழைய வினாத்தாள் ஒன்றோடு, அச்செடுத்த ஓஎம்ஆர் தாளையும் வைத்துச் சரியாக 2 மணிக்கு உட்காரச் சொல்லுங்கள். அந்த மூன்று மணி நேரம் தறி ஓடினால் ஓடட்டும். நடுவில் எழுந்து வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.