ஐந்தாம் நாள் சாகும் க்ளவுன் குஞ்சுகள்: எந்த மருந்து?

கேள்வி: ஐயா, பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். மூன்றடி கடல்நீர்த் தொட்டியில் ஒரு ஜோடி க்ளவுன் மீன் வளர்க்கிறேன். மண்சட்டி ஓட்டில் முட்டையிட்டு, எட்டாம் நாள் இரவு விளக்கை அணைத்த பிறகு பொரிக்கிறது. குஞ்சுகளைத் தனித் தொட்டியில் விடுகிறேன். இரண்டு நாள் நன்றாக நீந்துகின்றன. நான்காம் நாள் அடியில் கிடந்து சுழல்கின்றன, ஐந்தாம் நாள் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. மூன்று ஈடும் இப்படியே போய்விட்டன. கடையில் தந்த குஞ்சுத் தீவனப் பொடியையும், அவித்த முட்டை மஞ்சள் கருவையும் கரைத்து ஊற்றுகிறேன். இப்போது கடைக்காரர் ஒரு ஆன்டிபயாடிக் பொடி கொடுத்திருக்கிறார். அதற்கும் சரியாகாவிட்டால் ஜோடியில்தான் கோளாறு, வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். எந்த மருந்து போடலாம்? ஜோடியை மாற்ற வேண்டுமா?

பதில்: தம்பி, மருந்து எதுவும் வேண்டாம். ஜோடியையும் மாற்ற வேண்டாம். சொன்ன நாளில் முட்டையிட்டு, எட்டாம் நாள் இரவே பொரித்துத் தருகிற ஜோடி கிடைப்பது அரிது. அதை விற்கச் சொன்னவர் உங்களுக்கு நல்லது சொல்லவில்லை.

குஞ்சுகள் நோயில் சாகவில்லை, பட்டினியில் சாகின்றன. பொரிக்கும்போது வயிற்றில் கொஞ்சம் கரு மிச்சம் இருக்கும். இரண்டு மூன்று நாளில் அது தீர்ந்துவிடும். நீங்கள் சொல்லும் நாள் கணக்கு அதோடு அப்படியே பொருந்துகிறது. அடுத்த முறை ஒரு கண்ணாடி டம்ளரில் நாலு குஞ்சை மொண்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். தின்ற குஞ்சின் வயிறு வெள்ளையாக உருண்டு தெரியும். தின்னாததன் வயிறு ஒட்டிப்போய், உடம்பே நூல் மாதிரி தெரியும்.

பொடி எவ்வளவு சன்னமாக இருந்தாலும் இந்தக் குஞ்சுக்கு அது உணவாகத் தெரியாது. கண்ணெதிரே துடித்து நகர்வதைத்தான் கொத்தும். பொடியும் மஞ்சள் கருவும் அடியில் படிந்து அழுகி அம்மோனியாவைக் கூட்டும். பட்டினியோடு விஷமும் சேர்ந்துவிடுகிறது. அதன் மேல் ஆன்டிபயாடிக் போட்டால், அம்மோனியாவைத் தின்று தீர்க்கிற கொஞ்சநஞ்ச நல்ல பாக்டீரியாவும் போய்விடும். கடல்மீன் குஞ்சுக்குப் பொடி விற்கிற கடைகளை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மூன்று ஈட்டுக் குஞ்சுகள் அந்தப் பொடிக்குப் பலியாகியிருக்கின்றன.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: "ரோட்டிஃபரை எப்படி வளர்ப்பது?" ரோட்டிஃபர் என்பது நீரில் நீந்தும் மிகச் சிறிய உயிரி, இந்தக் குஞ்சுகளின் முதல் உணவு. அது இல்லாமல் குஞ்சு எடுக்க முயல்வது, நாற்று விடாமல் நடவுக்கு ஆள் கூப்பிடுகிற கதை. க்ளவுன் வளர்க்க விரும்பும் யாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். முதலில் பாசி, அப்புறம் ரோட்டிஃபர், கடைசியில்தான் மீன்.

பாசியில் நானோகுளோராப்சிஸ் என்ற நுண்பாசி போதும், அதுதான் ரோட்டிஃபருக்குத் தீனி. ஐந்து லிட்டர் தெளிந்த பாட்டில்கள் நாலு, டியூப்லைட், ஏர் பம்ப், கான்வே ஊட்டக்கரைசல் (பாசிக்கான உரம்), அவ்வளவுதான் செலவு. உப்பு ஆயிரத்துக்கு 25 பங்கு இருந்தால் நன்றாக வரும். பச்சை கெட்டியானதும் பாதியை எடுத்து ரோட்டிஃபர் வாளிக்கு ஊற்றிவிட்டு, மீதியில் புது உப்புத் தண்ணீரும் ஊட்டமும் சேருங்கள். ரோட்டிஃபர் வாளியில் தண்ணீர் எப்போதும் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். தெளிந்துவிட்டால் அவை பசியில் இருக்கின்றன என்று அர்த்தம். தினம் கால் பங்கை 50 மைக்ரான் துளையுள்ள துணியில் வடித்து எடுத்தால் வாளி புதுசாகவே இருக்கும். குஞ்சு இல்லாத நாளிலும் வடிக்க வேண்டும். வடிக்காமல் விட்டால் பெருகி, ஒரே இரவில் மொத்தமும் செத்து விழுந்துவிடும். அதனால் இரண்டு வாளி, இரண்டு வேறு இடத்தில்.

முக்கியமாக ஒன்று: ரோட்டிஃபர் வாளியில் தொட்ட குழாய், கரண்டி, கை எதுவும் பாசிப் பாட்டில் பக்கம் போகக் கூடாது. ஒரு சொட்டு போனாலும் சில நாளில் பச்சை முழுவதையும் தின்று தீர்த்துவிடும். பாசி வேலையைக் காலையில் முதலில் முடியுங்கள், ரோட்டிஃபர் வேலை அதற்கப்புறம்.

பாசி எதற்கு, பேக்கரி ஈஸ்ட் போட்டாலே ரோட்டிஃபர் பெருகுமே என்று யாராவது சொல்வார்கள். பெருகும், உண்மை. ஆனால் குஞ்சின் கண்ணும் மூளையும் வளரத் தேவையான கொழுப்பு அமிலங்கள் ஈஸ்ட்டில் இல்லை. அப்படி வளர்த்த ரோட்டிஃபரைத் தின்ற குஞ்சு, வயிறு நிறைந்தும் உருமாறும் கட்டத்தில் உதிரும். நீரும் சீக்கிரம் கெடும். குறுக்குவழி வேண்டாம்.

குஞ்சுத் தொட்டியில் ஒரு மில்லிக்கு 5 முதல் 10 ரோட்டிஃபர் எப்போதும் இருக்கட்டும். நீரிலும் கொஞ்சம் பாசி விடுங்கள். அது ரோட்டிஃபருக்கும் தீனி, வெளிச்சத்தையும் மட்டுப்படுத்தும். தொட்டியின் பக்கங்களைக் கறுப்புக் காகிதத்தால் மூடுங்கள், இல்லாவிட்டால் குஞ்சுகள் கண்ணாடியில் முட்டிக்கொண்டே கிடக்கும். காற்று மெல்லக் குமிழி விட்டால் போதும். ஆறேழு நாளுக்கு மேல்தான் அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால் குஞ்சு), அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. குஞ்சு உருமாறி உடம்பில் வெள்ளைப் பட்டை விழுந்துவிட்டால் பெரிய கண்டம் தாண்டியாயிற்று.

பெங்களூருக்கென்று இரண்டு விஷயம். சென்னைக்காரர்கள் ஹீட்டர் தேவையில்லை என்பார்கள். மார்கழிக் குளிரில் உங்கள் ஊரில் அது இல்லாமல் முடியாது. 27 டிகிரி மாறாமல் இருக்க வேண்டும். அடுத்தது தண்ணீர். காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும், போர் தண்ணீர் கடினம். வீட்டு ஆர்.ஓ. என்றால், பல மிஷின்களில் சுவைக்காக டிடிஎஸ்ஸை, அதாவது நீரில் கரைந்த உப்புகளின் அளவை, கூட்ட ஒரு திருகு உண்டு. அது வடிக்காத தண்ணீரைக் கலந்துவிடும். அதை மூடிவிட்டுத்தான் உப்பு கரைக்க வேண்டும். உப்பின் அளவை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற ஒளிவிலகல் கருவியில் பாருங்கள். பிளாஸ்டிக் மிதவைக் கருவியை நம்ப வேண்டாம்.

தாய் மீனுக்கு இன்னும் உலர் தீனிதான் போடுகிறீர்கள் என்றால், ரஸ்ஸல் மார்க்கெட்டில் இறாலும் கணவாயும் வாங்கிப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். முட்டையின் தரம் அங்கேயே தொடங்குகிறது. பொடி விற்ற மீன் தொட்டிக் கடையில் உயிர்ப்பாறை என்று சொல்லிப் பவளத்துண்டையோ, இல்லை கடற்குதிரையையோ நீட்டினால் தொடாதீர்கள். இரண்டும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை செய்யப்பட்டவை.

அடுத்த ஒன்றிரண்டு ஈட்டைத் தாய்த் தொட்டியிலேயே விட்டுவிடுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் இரண்டு வாளியும் இரண்டு வாரம் விழாமல் நின்ற பிறகுதான் குஞ்சு எடுக்க வேண்டும். பாசி, ரோட்டிஃபர் விதைக்கு மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் (ராமேஸ்வரம் பக்கம்) மையத்திலோ, பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்திலோ எழுதிக் கேளுங்கள். இரண்டு இடமும் க்ளவுன் இனப்பெருக்கத்தில் கைதேர்ந்தவை. வாங்கி வரும்போது பாட்டிலில் பாதிதான் நிரப்புங்கள், மீதி காற்று. பஸ்ஸில் வெயில் படாத பக்கம் வையுங்கள்.